எமன் என்று ஒரு போல்டர்

கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்தியைத் தாண்டிப் பரந்தன் பக்கம் போகும்போது, ஏ9 வீதியோரம், ஒரு தேத்தண்ணிக் கடைக்கும் ஒரு டயர்க் கடைக்கும் நடுவில் ஒடுங்கிப்போய் ஒரு கடை இருக்கிறது. போன் திருத்துவது, ரீலோட் போடுவது, போட்டோக்கொப்பி, லமினேட், அடையாள அட்டைக்குப் படம் பிடிப்பது எல்லாம் அங்கே ஒரே மேசையில் நடக்கும். பெயரை எழுதவில்லை. இரண்டு குறை சொல்லப் போகிறேன், பெடியனோ நல்லவன், ஏன் வீண் வம்பு. நான் சொல்ல வந்தது அவனுடைய போன் திருத்துகிற கைராசியைப் பற்றி இல்லை. பென் டிரைவைக் கொடுத்தால் படம் ஏற்றித் தருவானே, அதைப் பற்றி.

டேட்டா போட்டுப் பார்க்கலாம்தானே என்று கேட்பீர்கள். வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு மாமரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டு இருந்தால் படம் ஓடும், விறாந்தைக்கு வந்தால் சுற்றத் தொடங்கிவிடும், அறைக்குள் ஒன்றுமே இல்லை. அதுவும் தவிர ரீவியில் பென்னைச் செருகி, பாயை விரித்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து இருந்து பார்க்கிற சுகம் போனில் வராது. புதுப்படத்தை இப்படி எடுப்பது சரியில்லை என்று எனக்கும் தெரியும், எடுப்பதுமில்லை. முப்பது வருடப் பழைய படத்தை வேறு எங்கே போய்த் தேடுவது?

முள்ளியவளையில் இருந்து பெரியம்மா கண் காட்டுவதற்காக வந்து எங்களோடு நின்றார். கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு படம் பார்க்கலாமா என்று டொக்டரிடம் கேட்டிருக்கிறார், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாராம். சரி என்று 16 ஜிபி பென்னோடு கடைக்குப் போனேன்.

"என்ன மாதிரிப் படம் வேணும் அண்ணை?"

"பகிடிப் படம். வெட்டுக்கொத்து வேண்டாம். கொஞ்சம் பழசா இருந்தா நல்லம்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு போல்டரைத் திறந்தான். அதன் பெயர் 'எமன்'. "செத்துத் திரும்பி வாற படம் எல்லாம் இதுக்குள்ள போட்டு வச்சிருக்கிறன் அண்ணை. வயசானவை நல்லா விரும்பிப் பாக்கினம். நீங்கள் கேக்கிறதுக்கு முதலே மூண்டு பேர் இந்தக் கிழமை கொண்டு போட்டினம்."

இந்த ஒன்றுக்காகவே அவனுக்கு ஐந்தில் நாலு கொடுக்கலாம். நடிகர் பெயரில் போல்டர் போடுவார்கள், வருடத்தில் போடுவார்கள், ஒருவன் எமன் பெயரில் போட்டு வைத்திருக்கிறான் என்றால் அவன் ஆட்களைப் பார்த்து வேலை செய்கிறவன். ஒரு படம் 30 ரூபாய், பத்துக்கு மேல் என்றால் 20. எட்டுப் படம் எடுத்தேன். ஏறி முடிய நாற்பது நிமிடம். இது முதல் குறை. கொம்பியூட்டர் பழசு, நடுவில் யாராவது போட்டோக்கொப்பி கேட்டு வந்தால் அவன் அந்தப் பக்கம் போய்விடுவான், பென் தன்பாட்டில் கிடக்கும். அன்றைக்கும் ஒரு ஐயா வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த ஒரு மரணச் சான்றிதழில் ஏழு கொப்பி கேட்டார். ஒவ்வொரு தாளாக வெளியே வரவர எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, எழுத்து விளங்குதா என்று பார்த்து மேசையில் அடுக்கினார். பக்கத்துத் திரையில் எமன் போல்டர் 34 வீதத்தில் நின்றது.

முதல் இரவு போட்டது அதிசயப் பிறவி. ரஜினி இரட்டை வேடம், எஸ்.பி.முத்துராமன் படம், 1990. இந்தப் படத்துக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அந்த வருடம் ஜூனில் எங்கள் பக்கம் சண்டை திரும்பத் தொடங்கியது, அதோடு கரண்டும் போனது, போனது போனதுதான். அதற்குப் பிறகு படம் என்றால் யாராவது கலியாண வீட்டுக்கோ சாமத்திய வீட்டுக்கோ வீடியோ டெக்கும் ரீவியும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் போட்டால்தான். பெற்றோல் கிடைக்காது, சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள், புகை சும்மா அள்ளும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது இரணைமடுப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில் இந்தப் படம் போட்டார்கள். ரஜினி செத்து, எமலோகத்துக்குப் போய், எமனோடு வாய்ச்சண்டை பிடித்துக்கொண்டிருக்கிற இடத்தில் மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது. படம் அவ்வளவுதான். அந்த ஆள் அங்கேயே இருந்துவிட்டார் என்றுதான் நான் கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். மிச்சத்தைப் பார்க்க இத்தனை வருடம்.

மிச்சம் பரவாயில்லை, ஆனால் எமலோகம் வரும் இடம்தான் படம். வினு சக்கரவர்த்தி எமன். அந்தக் குரலும் அட்டைக் கிரீடமும் கீழே ஓடுகிற வெள்ளைப் புகையும் இன்றைக்கு எந்தக் கிராபிக்ஸும் தராத சந்தோசம். விசயம் சின்னது: காலம் முடியாத ஒருவனைத் தவறுதலாகப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால் கீழே உடம்பை எரித்தாயிற்று. அதனால் அவனைப் போலவே முகமுள்ள, ஊரில் எல்லோரிடமும் அடி வாங்குகிற ஒரு பயந்தாங்கொள்ளியின் உடம்புக்குள் போட்டு அனுப்புகிறார்கள். தெலுங்கில் 1988இல் சிரஞ்சீவி செய்த யமுடிகி மொகுடுவின் தமிழ். அதைவிடப் பழைய வேர் ஒன்றும் உண்டு. ஹொலிவூட்டில் 1941இலேயே ஹியர் கம்ஸ் மிஸ்டர் ஜோர்டன் என்று ஒரு குத்துச்சண்டைக்காரனை அவசரப்பட்டு மேலே கொண்டுபோய், உடம்பை எரித்துவிட்டு, ஒரு கோடீஸ்வரனின் உடம்புக்குள் விட்டார்கள். 1978இல் வாரன் பீட்டி அதையே ஹெவன் கேன் வெயிட் என்று திரும்ப எடுத்தபோது குத்துச்சண்டைக்காரன் அமெரிக்கக் கால்பந்துக்காரன் ஆனான். அதுவும் போல்டரில் கிடந்தது, தமிழில் எழுத்து ஓடாததால் வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை, நான் மட்டும் படுக்கையில் பார்த்தேன். மெல்லிய படம், சிரிப்பு வாய்க்குள்ளேயே நிற்கும்.

எங்கள் பெரியம்மாவுக்கு இந்த உடம்பு மாற்றம் ஒரு புதினமே இல்லை. "இது திருமூலற்ற கதையெல்லே" என்றார் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே. எனக்கும் பொறி தட்டியது. பள்ளிக்கூடத்தில் சைவசமயப் பாடத்தில் படித்ததுதான். சாத்தனூரில் மூலன் என்ற இடையன் செத்துக் கிடக்கிறான், பசுக்கள் சுற்றி நின்று கண்ணீர் விடுகின்றன, அந்தப் பக்கம் வந்த யோகி இரங்கி மூலனின் உடம்புக்குள் புகுந்து மாடுகளை ஊருக்கு ஓட்டிக்கொண்டு போகிறார். போனால் மூலனின் மனைவி கையைப் பிடிக்க வருகிறாள். இவர் விலகி ஓடுகிறார். திரும்பி வந்து பார்த்தால் தன் சொந்த உடம்பைக் காணவில்லை. இதில் எது குறைவு? மனைவிக்காரி ஊர்ப் பெரியவர்களிடம் போய் முறையிடுகிற இடத்தை நல்ல ஒரு பகிடி நடிகர் கையில் கொடுத்துப் பாருங்கள், அரை மணித்தியாலம் தியேட்டர் அதிரும். நாங்கள் அதைத் தேவாரம் பாடிவிட்டுப் பரீட்சைக்குப் பாடமாக்கினோம்.

சரி, படத்துக்கு வருகிறேன். உடம்பை எரித்துவிட்டார்கள் என்று எமன் சொல்கிற இடத்தில் பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. "எரிச்சபடியாத்தானே அவனுக்குக் கரைச்சல்" என்றார். பிறகு, "எங்கட பிள்ளையை நாங்கள் எரிக்கேல்லைத்தானே" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். அவருடைய கடைசி மகன் 2009இல் காணாமல் போனவன். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் போனவர்களின் தாய்மார் தொடங்கிய போராட்டத்தில், முள்ளியவளையில் இருந்து பஸ் ஏறி வந்து எத்தனையோ நாள் அந்தக் கொட்டிலுக்குள் இருந்தவர். நான் ரிமோட்டை எடுத்தேன். "ஏன் நிப்பாட்டுறாய், ஓட விடு" என்றார். ஓட விட்டேன். பத்து நிமிடம் கழித்து அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

இரண்டாம் இரவு சிவாஜியின் எமனுக்கு எமன், 1980. இந்தக் கதை வந்த வழி தனிச் சுவாரசியம். வங்காளத்தில் 1958இல் ஜமாலயே ஜீபந்த மானுஷ் என்று உயிரோடு எமலோகம் போனவனைப் பற்றிய ஒரு படம். அங்கிருந்து தெலுங்கில் 1977இல் என்.டி.ராமராவின் யமகோலா, 1979இல் ஹிந்தியில் லோக் பர்லோக், அடுத்த வருடம் தமிழ். கதைக்குத்தான் கூடுவிட்டுக் கூடு பாய்கிற வித்தை நன்றாகத் தெரிந்திருக்கிறது. தமிழில் செத்தவனும் சிவாஜி, எமனும் சிவாஜி. எமன் சிவாஜியைப் பார்த்தால் சின்ன வயதில் கோவிலடியில் விடிய விடியப் பார்த்த சத்தியவான் சாவித்திரி நாடகத்து எமன்தான் ஞாபகம் வந்தார். பாசக்கயிற்றைச் சுழற்றிக்கொண்டு ஆட்களுக்கு நடுவால் வருவார், ஆர்மோனியம் அலறும், முன்னுக்கு இருந்த நாங்கள் எழும்பி ஓடுவோம். மற்றப்படி படம் நீளம். இரண்டாம் பாதியில் நான் நித்திரை.

இந்தப் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. செத்தவன் திரும்பி வருவது இவற்றில் பெரிய அதிசயமே இல்லை. மேலே ஒரு கந்தோர் இருக்கிறது, அங்கே ஒரு கிளாக்கர் பிழை விடுகிறார், பிழை விட்டதை அவர் அன்றைக்கே ஒத்துக்கொள்கிறார், மேலதிகாரி அந்த இடத்திலேயே நின்று திருத்தித் தருகிறார். அதிசயம் அதுதான். கிராம சேவகர் விதானையாரின் கடிதம் கேட்கவில்லை. பிரதேச செயலகத்தில், டி.எஸ் ஒபிசில், சீல் குத்தி வா என்று சொல்லவில்லை. 'நீர்தான் நீர் என்பதற்கு என்ன அத்தாட்சி' என்று எமன் ஒரு தடவைகூடக் கேட்பதில்லை.

என் கதையைச் சொல்கிறேன். இடம்பெயர்ந்ததில் ஆவணம் எல்லாம் போய், பிறகு பிறப்புச் சான்றிதழ் புதிதாக எடுத்தபோது என் பெயரில் ர வர வேண்டிய இடத்தில் ற விழுந்துவிட்டது. ஒரு எழுத்து. பதின்நான்கு மாதம் அலைந்தேன். எந்தக் கந்தோர் என்று எழுதவில்லை, எழுதினாலும் அவர்கள் அதில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று திருப்பி அனுப்புவார்கள். "நாங்கள் பிழை விடேல்லை, நீங்கள் அப்பிடித்தான் சொல்லியிருப்பியள்" என்றார் அங்கே இருந்த அம்மா ஒருவர். ர என்று சொன்னதை அவர் ற என்று கேட்டிருக்கலாம் என்று நான் சொல்ல, அதை எழுத்தில் தரச் சொன்னார். இதை அனுபவித்தவனுக்குச் சித்திரகுப்தர் ஏட்டைப் புரட்டி, தலையைச் சொறிந்து, "தவறு நடந்துவிட்டது பிரபு" என்று சொல்கிற இடம் என்ன மாதிரி இனிக்கும் என்று நினைக்கிறீர்கள்.

பெரியம்மா இதையே வேறு மாதிரிச் சொன்னார். "அந்தக் கணக்குப்பிள்ளை பிழை விட்டனான் எண்டு வாய் திறந்து சொல்லிப்போட்டான். அது போதும்." அதற்குப் பிறகு தேத்தண்ணி கேட்டார்.

சித்திரகுப்தரை எங்கள் ஊரில் சினிமாவில் முதலில் பார்த்தவர்கள் குறைவு. சித்திரா பௌர்ணமிக்குக் கோவிலில் சித்திரபுத்திரனார் கதை படிப்பார்கள், தாயை இழந்தவர்கள் விரதம் இருப்பார்கள், பிறகு கஞ்சி வார்ப்பார்கள். அந்தக் கதையில் அமராவதி என்று ஒருத்தி வருவாள். எல்லாத் தானதர்மமும் செய்தவள், இந்த ஒரு விரதம் மட்டும் பிடிக்கவில்லை. மேலே போன பிறகு கணக்கில் அது விடுபட்டது தெரிய வர, போய்ப் பிடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்புகிறார்கள். சினிமாவுக்கு முதலே இருந்த படம் இது. ஒரு வித்தியாசம், இங்கே பிழை விட்டது கிளாக்கர் இல்லை, வந்தவள். பக்திக் கதைக்கும் பகிடிப் படத்துக்கும் இடையில் இருக்கிற தூரம் அவ்வளவுதான் போலிருக்கிறது, பிழை யார் தலையில் என்பது.

என் மனைவிக்காக ஓ மை கடவுளே போட்டேன். 2020இல் வந்தது, அஷ்வத் மாரிமுத்து எடுத்தது. இது சாவில் தொடங்கவில்லை, குடும்ப நீதிமன்றத்தில் தொடங்குகிறது. சின்ன வயதில் இருந்து சிநேகிதியாக இருந்தவளையே கட்டி, ஒரு வருடத்துக்குள் விவாகரத்து வரை வந்துவிட்ட அசோக் செல்வனுக்கு விஜய் சேதுபதி கடவுளாக வந்து ஒரு டிக்கெட் கொடுக்கிறார், வாழ்க்கையை மாற்றி வாழ்ந்து பார் என்று. மாமனாரின் கழிப்பறைக் கோப்பைத் தொழிற்சாலையில் மருமகனுக்கு வேலை, அதை ஒட்டி வருகிற பகிடிக்குப் பிள்ளைகள் உருண்டார்கள், ரித்திகா சிங் நல்லாயிருக்கிறார். ஆனால் எனக்கு முழுசாக ஒட்டவில்லை. இவனுக்கு ஒருவரும் அநியாயம் செய்யவில்லை, இருந்ததின் அருமை தெரியாமல் போட்டு உடைத்தவன், அவனுக்குக் கடவுளே நேரில் வந்து டிக்கெட் கொடுப்பதென்றால் அதற்குக் கொஞ்சம் வசதி வேண்டும் என்று தோன்றியது. மனைவி இதற்கு நேர் எதிர். "அருமை தெரியாமல் இருக்கிறவனுக்குத்தான் டிக்கெட் குடுக்க வேணும், மற்றவைக்கு என்னத்துக்கு?" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அதற்கு மேல் நான் அந்தப் படத்தைப் பற்றிப் பேசவில்லை, இங்கேயும் பேசவில்லை.

மூன்றாம் இரவு லக்கிமேன். 1995, பிரதாப் போத்தன் எடுத்தது, முந்தின வருடம் தெலுங்கில் வந்த யமலீலாவின் தமிழ். கவுண்டமணி எமன், செந்தில் சித்திரகுப்தர். இதற்கு மேல் நான் ஒன்றும் எழுதத் தேவையில்லைத்தான், ஆனாலும் எழுதுகிறேன். யாருக்கு என்ன நடக்கும் என்று எழுதியிருக்கும் ஏடு மேலே இருந்து தவறிக் கீழே விழுந்துவிடுகிறது. அது கார்த்திக்கின் கையில் கிடைக்கிறது. ஏட்டைத் தொலைத்த இரண்டு பேரும் அதே கிரீடம், அதே உடுப்போடு பூமிக்கு வந்து தேடி அலைகிறார்கள். எமனின் முழு அதிகாரமும் ஒரு கொப்பிப் புத்தகத்தில் இருக்கிறது, அது கையில் இல்லையென்றால் அவரும் பஸ்ஸுக்கு நிற்கிற ஆள்தான் என்பதைக் கவுண்டமணியின் முகத்தில் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சின்னவன் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, முதுகில் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. பெரியம்மா கண்ணுக்கு மருந்து விட மறந்துபோனார்.

அந்த ஏட்டில் கார்த்திக் தன் தாயின் சாவைப் படித்துவிடுகிறான். அதற்குப் பிறகு படம் தாயைச் சுற்றித்தான். பகிடி ஒரு பக்கம் நடக்கிறது, நாள் எண்ணுவது இன்னொரு பக்கம் நடக்கிறது, பெரியம்மா பாயில் இருந்து எழும்பிக் கதிரைக்கு வந்துவிட்டார். கடைசிக் கட்டம் வரப்போகிறது என்று தெரிகிற நேரத்தில் படம் நின்றது. கவுண்டமணி வாயைத் திறந்தபடி. கழற்றிப் போட்டேன், துடைத்துப் போட்டேன், ஊதிப் போட்டேன். அந்த இடத்துக்கு வந்ததும் நின்றது. இது இரண்டாம் குறை, இதுதான் பெரிய குறை, கடையில் ஏற்றி முடிந்ததும் கடைசி ஐந்து நிமிடத்தை ஓட விட்டுப் பார்க்காமல் பென்னை வாங்காதீர்கள்.

ஒருவரும் கொஞ்ச நேரம் எழும்பவில்லை. "மண்ணெண்ணெய் முடிஞ்சிட்டுது" என்றேன். பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. பெரியம்மா மட்டும் சிரித்தார்.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். தம்பி போட்டுப் பார்த்தான், அவனிடம் இருப்பதே அப்படித்தான், அதே இடத்தில் நிற்கிறது. எத்தனை பேருக்கு இப்படியே ஏற்றிக் கொடுத்திருப்பான் என்று கேட்டேன். கணக்கில்லை என்றான். ஒருவரும் வந்து சொல்லவில்லையாம்.

"நான்தான் பிழை விட்டிட்டன் அண்ணை, பாத்துப் போட்டிருக்க வேணும். வவுனியாவில ஒராளிட்ட நல்ல கொப்பி இருக்கு, வியாழக்கிழமை எடுத்துத் தாறன். காசு வேண்டாம்." 30 ரூபாயையும் திருப்பி நீட்டினான். வாங்கவில்லை. நாலாக இருந்ததை நாலரையாக்கிவிட்டேன்.

முடிவை நான் சொல்லட்டா என்றும் கேட்டான். வேண்டாம் என்றுவிட்டேன், ஏனென்றால் அன்று காலையே முள்ளியவளைக்குப் போய்ச் சேர்ந்த பெரியம்மா, பஸ்ஸால் இறங்கி வீட்டுக்குள் போக முதலே போன் எடுத்திருந்தார்.

"தம்பி, அந்தத் தாய் தப்பியிட்டாவோ?"

"வியாழக்கிழமை சொல்லுறன் பெரியம்மா."

"சொல்லாத. பென்னைக் குடுத்து விடு."